ஏறாத கப்பலும் ஏற்றிவிட்ட முத்திரையும்

"என்ன சார், கப்பல்ல போனீங்களாமே, எப்படி இருந்துச்சு?" என்று கடைத்தெருவில் பார்க்கிற நண்பர்கள் இன்னமும் கேட்கிறார்கள். போகவில்லை என்றால், "ஏன்?" என்பார்கள். அந்த 'ஏன்' நின்றபடி சொல்லி முடிக்கிற சமாசாரம் இல்லை. அதில் 2022-ஆம் வருடமும் இருக்கிறது, 1971-ஆம் வருடமும் இருக்கிறது. அதனால் எழுதியே வைத்துவிடுகிறேன்.

2022 ஜூன் 4-ஆம் தேதி சென்னைத் துறைமுகத்தில் உல்லாசக் கப்பல் சேவையை முதலமைச்சர் ஸ்டாலின் தொடங்கி வைத்தார். டி.வி.யில் பார்த்ததுமே சென்னையிலிருக்கும் என் மகள் முடிவு செய்துவிட்டாள். அந்த ஜூலையில் எங்களுக்குக் கல்யாணமாகி ஐம்பது வருடம். "அப்பா, நகை வேணாம், புடவை வேணாம். அம்மாவைக் கப்பல்ல கூட்டிட்டுப் போறோம்" என்றாள். கப்பல் புதுச்சேரியிலும் நிற்கும் என்று முதலில் பேச்சு இருந்தது. ஆனால் அப்போது அனுமதி கிடைக்கவில்லை. அந்த அரசியல் தனிக் கதை. எங்களுக்குப் பதிவு செய்தது இரண்டு ராத்திரிப் பயணம்தான். சென்னையில் ஏறி, நடுக்கடலில் சுற்றிவிட்டு, சென்னையிலேயே இறங்குவது.

என் வீட்டம்மா மரக்காணத்துக்காரி. அவளுடைய அப்பா உப்பளம் குத்தகைக்கு எடுத்தவர். உப்புத் தண்ணீரைப் பாத்தியில் கட்டிப் பிழைத்த குடும்பம். ஆனால் அந்த வீட்டில் கடலுக்குள் போனவர் ஒருவரும் இல்லை. "பொறந்ததுலேருந்து கரையில நின்னே பாத்தாச்சு. ஒரு தடவை அங்கேருந்து கரையைப் பாக்கணும்" என்றாள். கப்பல் பூராவும் ஏ.சி. என்று கேள்விப்பட்டு, பாண்டிச்சேரிக்குப் போய்க் கம்பளிச் சால்வை ஒன்றும் வாங்கிவந்தாள்.

மகள் வாட்ஸ்அப்பில் ஒரு பட்டியல் அனுப்பினாள். ஆதார் அட்டை, இரண்டு தவணைத் தடுப்பூசிச் சான்று, உடல்நல உறுதிமொழி. துறைமுகத்தில் நெற்றிக்கு நேரே கருவியைக் காட்டிக் காய்ச்சல் பார்ப்பார்கள், சந்தேகம் வந்தால் மூக்கில் குச்சி விட்டுப் பரிசோதிப்பார்கள் என்றும் எழுதியிருந்தாள். "சுத்திப் பாக்கப் போறதுக்கு இத்தனை காகிதமா?" என்று பக்கத்து வீட்டுக்காரர் அலுத்துக்கொண்டார். எனக்கு அலுப்பில்லை. முப்பத்தொன்பது வருடம் அரசாங்கக் குமாஸ்தாவாக இருந்தவன், காகிதம் கேட்டால் சந்தோஷப்படுகிற பிறவி.

காகிதம் கேட்பதற்குக் காரணமும் இருந்தது. ரயிலில் ஒருவருக்கு உடம்பு முடியவில்லை என்றால் அடுத்த ஸ்டேஷனில் இறக்கிவிடலாம். கப்பலில் எங்கே இறக்குவது? ஒரே சமையல், ஒரே சாப்பாட்டுக் கூடம், ஆயிரம் கை பிடிக்கிற ஒரே படிக்கட்டுக் கம்பி.

'டைமண்ட் பிரின்சஸ்' கப்பல் உங்களுக்கு நினைவிருக்கும். 2020 ஜனவரியில் அதில் வந்த முதியவர் ஒருவர் ஹாங்காங்கில் இறங்கிக்கொண்டார். பிறகுதான் அவருக்குக் கொரோனா என்று தெரிந்தது. பிப்ரவரி ஆரம்பத்தில் ஜப்பானின் யோகோஹாமாவில் கப்பலை நிறுத்திவிட்டார்கள். அதிலிருந்த 3,711 பேரில் 712 பேருக்குத் தொற்று. அதில் வேலை பார்த்த நம் பிள்ளைகள் செல்போனில் படம் பிடித்து, எங்களைக் காப்பாற்றுங்கள் என்று கேட்டதை நாமெல்லாம் டி.வி.யில் பார்த்தோம். பிப்ரவரி 27-ஆம் தேதி 119 இந்தியர்கள் தனி விமானத்தில் டெல்லி வந்து சேர்ந்தார்கள். அந்தக் கப்பல் சொல்லிக் கொடுத்த பாடம் ஒன்று உண்டு. தொற்று உறுதியானவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்குச் சோதனை செய்த சமயத்தில் காய்ச்சலும் இல்லை, இருமலும் இல்லை. நெற்றிச் சூட்டை மட்டும் பார்த்திருந்தால் அவர்கள் எல்லாரும் நல்லவிதமாக இறங்கிப் போயிருப்பார்கள்.

அதே மாதத்தில் 'வெஸ்டர்டாம்' என்று இன்னொரு கப்பல். நோய் இருக்குமோ என்ற பயத்திலேயே ஜப்பான், தைவான், பிலிப்பைன்ஸ், குவாம், தாய்லாந்து என்று ஒவ்வொரு கரையாகக் கைவிரித்தது. கடைசியில் கம்போடியா இடம் கொடுத்தது. அந்தக் கப்பலிலோ நோய் பரவியிருக்கவேயில்லை. நோயுள்ள கப்பல் ஒன்று நின்றால், நோயில்லாத கப்பலுக்கும் கரை கிடைக்காமல் போகிறது.

நம் நாட்டிலும் நடந்தது. 2022 புத்தாண்டுக்கு மும்பையிலிருந்து கோவா போன உல்லாசக் கப்பலில் ஏறக்குறைய 2,000 பேரைச் சோதித்ததில் 66 பேருக்குத் தொற்று. கோவாவைப் பார்க்கப் போனவர்களில் பலர் கப்பலின் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு மும்பைக்கே திரும்பினார்கள்.

இதையெல்லாம் படித்து வைத்திருந்தேன். படித்து என்ன பிரயோசனம்? கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்னால் வீட்டம்மாவுக்குக் காய்ச்சல் வந்துவிட்டது.

பெரிய காய்ச்சல் இல்லை. நூறும் கொஞ்சமும். தொண்டையில் லேசாகக் கரகரப்பு. ஆனால் சென்னையிலும் சுற்றுவட்டாரத்திலும் கொரோனா மறுபடி தலைதூக்கியிருந்த நேரம். மருந்துக்கடைத் தம்பி ரொம்ப நல்ல பையன். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "ஐயா, கேட்டுக்குள்ள போறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி பாராசிட்டமால் ஒண்ணு போட்டுக்கச் சொல்லுங்க. மிஷின்ல ஒண்ணும் காட்டாது" என்றான். தீங்கு நினைத்துச் சொல்லவில்லை. ஐம்பதாவது கல்யாண நாள் ஆயிற்றே என்ற கரிசனம்.

அன்றைக்கு ராத்திரி மகள் உறுதிமொழிப் படிவத்தைப் போனில் அனுப்பினாள். 'கடந்த 14 நாட்களில் உங்களுக்கோ உடன் வருபவருக்கோ காய்ச்சல், இருமல் இருந்ததா?' ஆம், இல்லை என்று இரண்டு கட்டங்கள். உள்ளே வீட்டம்மா படுத்திருந்தாள். சால்வை நாற்காலியில் மடித்து வைத்தபடி இருந்தது. உண்மையைச் சொல்கிறேன், என் விரல் 'இல்லை' என்ற கட்டத்துக்கு மேலேதான் நின்றது. அழுத்தப் போகும்போது சின்ன மாமா ஞாபகத்துக்கு வந்தார்.

அவர் என் அம்மாவின் கடைசித் தம்பி. எனக்கு ஏழெட்டு வயதுதான் மூத்தவர். 1971-இல் சிங்கப்பூரில் ஒரு கடையில் வேலை கிடைத்தது. அப்போதெல்லாம் சாமானியர்களுக்கு விமானம் ஏது? மெட்ராஸிலிருந்து 'ரஜூலா' கப்பல்தான். 1926-இல் கட்டிய கிழக் கப்பல். டெக் பாஸஞ்சர் என்றால் திறந்த தளத்தில் பாயை விரித்து, தகரப்பெட்டியைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுக்க வேண்டும். வலப்பக்கம் ஒரு குடும்பம், இடப்பக்கம் ஒரு குடும்பம், இடையில் ஒரு முழம்.

பாஸ்போர்ட்டோடு ஒரு மஞ்சள் அட்டைச் சிறு புத்தகமும் வேண்டும். பிரெஞ்சில் படித்த நாங்கள் அதைக் 'கர்னே' என்போம். பெரியம்மைக்கு ஒரு பக்கம், காலராவுக்கு ஒரு பக்கம். அம்மை குத்தியிருந்தால் கையில் தழும்பு இருக்கும், ஏமாற்ற முடியாது. காலரா ஊசிக்குத் தழும்பு கிடையாது. முத்திரைதான் சாட்சி. ஊசி போட்டு ஆறு நாள் கழிந்த பிறகுதான் சான்று செல்லும். அதன் பிறகு ஆறு மாதம்.

மாமா அம்மை குத்திக்கொண்டார். காலரா ஊசி போட்டால் இரண்டு நாள் காய்ச்சல் அடிக்கும், கை வீங்கும் என்று பயந்து தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தார். கப்பலுக்கு நாலே நாள் இருக்கும்போது என்னிடம் வந்து நின்றார். "மாப்ளே, நீ கவர்மெண்ட்டு ஆள். ஏதாவது செய்யேன்."

நான் வேலையில் சேர்ந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. அரசாங்கத்தில் எனக்கும் ஆள் தெரியும் என்று காட்டிக்கொள்கிற வயசு. ஒரு சுகாதார அலுவலகத்தில் எனக்குப் பழக்கமான ஒருவர் இருந்தார். எந்த ஊர், எந்த அலுவலகம் என்று எழுத மாட்டேன். குற்றம் என்னுடையது. பத்து நாள் முந்தைய தேதியைப் போட்டு முத்திரை வாங்கினேன். கைம்மாறாக ஒரு சினிமா டிக்கெட். ஊசி போடவேயில்லை. வெளியே வந்தபோது எனக்கு ஒரே பெருமை. பழைய தேதி போடுகிற வித்தையை அவ்வளவு சீக்கிரம் கற்றுக்கொண்டுவிட்டேனே!

மாமா கப்பல் ஏறினார். ஒரு மாதம் கழித்து, நீல வான்வழிக் கடிதத்தில் அவர் கையெழுத்து. கப்பலில் நாலாம் நாள், அவருக்கு அடுத்த பாயில் இருந்த ஒரு பெண்பிள்ளைக்கு வாந்தியும் பேதியும். நாலைந்து வயசுக் குழந்தை. டெக்கில் எல்லாரும் பாயைச் சுருட்டிக்கொண்டு தள்ளிப்போனார்களாம். கப்பல் டாக்டர் வந்து ஒவ்வொருவர் புத்தகத்தையும் வாங்கிப் பார்த்தார். மாமாவுடையதையும் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது. அந்தக் குழந்தையின் தாய் அவரைப் பார்த்து, "அண்ணே, எல்லாரும் ஊசி போட்டுக்கிட்டுத்தானே ஏறினோம்? அப்புறம் எப்படிண்ணே வந்தது?" என்று கேட்டாளாம்.

மாமா கிளம்புவதற்கு முந்தின மாதம் எங்கள் தெருக்கோடியில் இரண்டு வீடுகளில் வாந்திபேதி இருந்தது. அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். 1961-இல் இந்தோனேசியாவில் கிளம்பிய காலரா அலை ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டிருந்த காலம். "நீ வாங்கித் தந்த முத்திரை என்னைக் கப்பலில் ஏற்றிவிட்டது மாப்ளே. அந்தப் பொம்பளைக்குப் பதில் சொல்ல அதால் முடியவில்லை. மூன்று ராத்திரி நான் கண்ணை மூடவில்லை" என்று எழுதியிருந்தார்.

குழந்தை பிழைத்துக்கொண்டது. காலரா இல்லை, வேறு ஏதோ வயிற்றுக் கோளாறு. அந்த வரி கடிதத்தின் கடைசியில்தான் இருந்தது. அதுவரை படிப்பதற்குள் எனக்குக் கை நடுங்கிவிட்டது.

எங்கள் பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்திய மிசியே, மர்செய் நகரத்துக் கொள்ளைநோயைப் பற்றிச் சொல்லுவார். 1720 மே 25-ஆம் தேதி 'கிராந்த் சேன் அந்துவான்' என்ற கப்பல் சிரியாப் பக்கத்திலிருந்து துணி மூட்டைகளோடு வந்து சேர்ந்தது. கிளம்பிய துறைமுகங்களில் கொடுத்த சுகாதாரப் பத்திரம் அதனிடம் இருந்தது. 'பதாந்த் நெத்', அதாவது நோயில்லை என்கிற சுத்தமான சீட்டு. ஆனால் வழியிலேயே பலர் செத்திருந்தார்கள், கப்பல் வைத்தியர் உட்பட. நாற்பது நாள் ஒதுக்கி வைப்பதைத்தான் பிரெஞ்சில் 'கராந்தேன்' என்பார்கள். நாற்பது என்பதிலிருந்து வந்த சொல். அந்தக் கப்பலுக்கு அந்த விதியைத் தளர்த்திவிட்டார்கள். சரக்கில் நகரத்துப் பெரிய மனிதர்களுக்குப் பங்கு இருந்தது, சந்தைக்கு நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. துணி ஊருக்குள் போயிற்று. சுமார் 90,000 பேர் இருந்த ஊரில் பாதிக்கு நெருக்கமானவர்கள் மாண்டார்கள். பள்ளியில் இதைப் பரீட்சைக்காக மனப்பாடம் செய்தவன், சில வருடத்தில் அதே 'சுத்தமான சீட்டை' ஒரு சினிமா டிக்கெட்டுக்கு வாங்கினேன்.

ஒரு விஷயத்தை மறைக்கக் கூடாது. 1973-இல் உலக சுகாதார நிறுவனம் காலரா ஊசிச் சான்று கேட்கும் விதியையே எடுத்துவிட்டது. அந்த ஊசி நாடு விட்டு நாடு காலரா பரவுவதைத் தடுக்கவில்லை என்று கண்டுகொண்டார்கள். இதைப் பிறகு படித்தபோது எனக்குப் பெரிய ஆறுதல். 'அப்போ நான் செய்ததில் ஒரு கெடுதலும் இல்லை' என்று பல வருடம் சமாதானம் சொல்லிக்கொண்டேன். வயசாக வயசாக அந்தச் சமாதானம் நிற்கவில்லை. 1971-இல் அது எனக்குத் தெரியாதே. ஊசி காக்கும் என்று நம்பிக்கொண்டேதான் பொய் முத்திரை வாங்கினேன். அந்தத் தாயும் அதை நம்பித்தான் குழந்தையை மாமாவுக்கு அடுத்த பாயில் படுக்க வைத்தாள்.

ரஜூலா 1973-இல் ஓய்வு பெற்றது. அதற்குப் பதில் வந்த 'சிதம்பரம்' கப்பலை மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். 1966-இல் பிரான்சில் கட்டிய கப்பல் அது. அதற்கு முதலில் வைத்த பெயர் 'பாஸ்தேர்', வெறிநாய்க்கடிக்குத் தடுப்பூசி கண்ட அதே பாஸ்தேர். இது தெரிந்த நாளில் யாரோ என் காதைத் திருகியது போல இருந்தது.

சரி, 2022-க்கு வருகிறேன். போனை மேசைமேல் வைத்துவிட்டு உள்ளே போய் வீட்டம்மாவை எழுப்பினேன். மாமாவின் கடிதத்தைப் பற்றி ஐம்பது வருடத்தில் அவளிடம் சொன்னதில்லை. அன்றைக்குச் சொன்னேன். கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை.

"மாத்திரை போட்டுக்கிட்டா போயிடலாம்தானே?" என்றாள்.

"போயிடலாம்."

"எத்தனை பேருங்க வருவாங்க கப்பல்ல?"

"ஆயிரம் பேருக்கு மேல இருப்பாங்க."

"நம்மள மாதிரி கிழடு கட்டையும் இருக்கும். சின்னக் குழந்தைங்களும் இருக்கும்." சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். "பாப்பாவுக்குப் போன் பண்ணுங்க."

மகளுக்குக் கோபம். பணத்தில் ஒரு பகுதிதான் திரும்பி வரும் என்றாள். பேரன் அழுதான். நான்தான் அவர்களைப் போகச் சொன்னேன். அவர்கள் எங்கள் பக்கமே வந்து பத்து நாள் ஆகியிருந்தது. மறுநாள் வீட்டம்மாவைப் பரிசோதனைக்கு அழைத்துப்போனேன். மூக்கில் குச்சி விட்டபோது, "இதுக்குக் கப்பலே ஏறியிருக்கலாம்" என்று முறைத்தாள்.

கப்பல் கிளம்பிய சாயங்காலம், கொஞ்சம் தேறியிருந்த அவளை வண்டியில் உப்பளத்துப் பக்கமாகக் கூட்டிப் போனேன். பகலில் வாரிய உப்பு வரப்போரம் குவியல் குவியலாகக் கிடந்தது. உப்பு வாருகிறவர்கள் கால் கழுவிவிட்டு வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். கடற்கரையில் இருட்டும்வரை உட்கார்ந்திருந்தோம். வடகிழக்கில் ரொம்பத் தூரத்தில் ஒரு வெளிச்சம் தெரிந்தது. மீன்பிடி விசைப்படகாகத்தான் இருக்கும். அவள் அதைப் பார்த்து, "அதோ நம்ம கப்பல்" என்றாள். சால்வையை அன்றைக்குத்தான் முதல்முதலாகப் போர்த்திக்கொண்டாள்.

அடுத்த நாள் பரிசோதனை முடிவு வந்தது. தொற்று இல்லை. சாதாரணக் காய்ச்சல்தான்.

இதுதான் நண்பர்களே, கடைத்தெருவில் சொல்ல முடியாத பதில். அப்படியானால் போயிருக்கலாமே, வீணாகிவிட்டதே என்று மகள் இன்றைக்கும் சொல்கிறாள். அவள் கணக்கு சரிதான். ஆனால் உறுதிமொழியை நிரப்பின ராத்திரி அந்த முடிவு என் கையில் இல்லை. காய்ச்சல் இருந்ததா என்றுதான் கேட்டார்கள். இருந்தது. கப்பலில் அந்தக் குழந்தைக்குக் காலரா இல்லை என்பதும் பிறகுதான் தெரிந்தது. அதற்காக மாமா தூங்காத மூன்று ராத்திரி இல்லாமல் போய்விடுமா?

இப்போது விதிகள் மாறிவிட்டன. 2022 ஜூலை 18-இல் அமெரிக்காவின் நோய்த் தடுப்பு மையம் உல்லாசக் கப்பல்களுக்கான கோவிட் திட்டத்தையே முடித்துக்கொண்டது. ஆனாலும் காய்ச்சல், வயிற்றுப்போக்கு உண்டா என்று கப்பலில் கேட்பது நின்றுவிடாது. ஆப்பிரிக்கா, தென் அமெரிக்கா பக்கம் போகிறவர்கள் மஞ்சள் காய்ச்சல் ஊசியை மறக்க வேண்டாம். கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். பயணத்துக்குப் பத்து நாள் முன்பே போட்டாக வேண்டும். 2016 முதல் அந்தச் சான்று ஆயுசுக்கும் செல்லும். அங்கிருந்து திரும்பும்போது சான்று இல்லையென்றால் இங்கே ஆறு நாள் வரை ஒதுக்கி வைப்பார்கள். தேதி தவறிப்போனால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள், தெரிந்த குமாஸ்தாவைத் தேடாதீர்கள்.

சின்ன மாமா சிங்கப்பூரிலேயே காலமாகிவிட்டார். அந்த நீலக் கடிதம் என் பெட்டியில் பத்திரமாக இருக்கிறது. வீட்டம்மாவின் சால்வையும் அலமாரியில் இருக்கிறது. மகள் மறுபடியும் பதிவு செய்யலாமா என்று கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

"செய்யச் சொல்லுங்க. இந்தத் தடவை காய்ச்சல் வர்றதா இருந்தா உங்களுக்கு வரட்டும், நான் போயிட்டு வர்றேன்" என்கிறாள் வீட்டம்மா.